பீரோவிலிருந்து வந்த யாஷிகா

போகிக்கு இரண்டு நாள் முன்னால், திருவொற்றியூரில் பெரியப்பா வீட்டு பீரோவை ஒழித்துக் கொடுக்கப் போயிருந்தேன். பழைய பட்டுப்புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு, பழுப்புத் தோல் உறைக்குள் ஒரு கேமரா இருந்தது. யாஷிகா மேட் 124ஜி. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ், பக்கவாட்டில் ஃபிலிம் சுற்றும் கைப்பிடி. பெரியப்பா இதை 'டபுள் லென்ஸ்' என்றுதான் எப்போதும் சொல்வார். வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ கல்யாணங்களை இதில்தான் எடுத்திருக்கிறார். "எடுத்துட்டுப் போடா. ஆனா கண்ணுல பூ விழுந்திருக்கும், பாத்துக்கோ" என்றார்.

பூ விழுந்துதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பின்மூடியைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் (அழுத்திப் பிடித்திருக்கும் வரை திறந்தே நிற்கும் நிலை) வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். படம் எடுக்கும் கீழ் லென்ஸின் ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து மெல்லிய வெள்ளை நரம்புகள் போயிருந்தன. அரச இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புத்தகத்துக்குள் வைப்போமே, அந்த மாதிரி கிளை கிளையாக.

கடலோரத்தில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய நோய். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் போதும், கண்ணாடிமேல் இருக்கும் தூசியையும் விரல் எண்ணெயையும் தின்றே பூஞ்சை வளர்ந்துவிடும். படர்வதோடு நிற்காது, அது விடும் அமிலம் லென்ஸின் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அரித்த இடம் திரும்ப வராது. ராயபுரத்தில் என் வீட்டிலிருந்து நடந்தால் பதினைந்து நிமிஷத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். எங்கள் ஜன்னல் கம்பிகள் இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்கும், உப்பு ஜாடியில் தண்ணி கட்டி நிற்கும். பெரியப்பா வீடும் கடலுக்கு அவ்வளவு பக்கம்தான். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அவர் அதைத் தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டினார். ஆனால் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பீரோவுக்குள் காற்றும் கிடையாது வெளிச்சமும் கிடையாது. உங்கள் வீட்டிலும் அப்பாவுடையதோ மாமாவுடையதோ ஒரு கேமரா தோல் உறைக்குள் கிடந்தால், இதைப் படித்து முடித்ததும் முதலில் அதை வெளியே எடுத்து வையுங்கள்.

ஒரு ரிப்பேர் கடையில் காட்டினேன். இதற்கெல்லாம் பார்ட்ஸ் வராது, ஷோகேஸில் வையுங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சரி, நாமே பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

வேண்டிய சாமான் அதிகமில்லை. லென்ஸ் ஸ்பானர் ஒன்று, ஜப்பான் ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் சின்ன ஸ்க்ரூடிரைவர் (நம் வழக்கமான ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் தலை வழுக்கிப் பல் போய்விடும்), காற்றூதும் ரப்பர் பந்து, லென்ஸ் துடைக்கும் காகிதம், ரிச்சி தெருவில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மெடிக்கலில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. முன் வளையத்தைத் திருக ரப்பர் வேண்டும். அதற்கு வாஷ்பேசினை அடைக்கும் ரப்பர் மூடியையே எடுத்துக்கொண்டேன், அளவு கச்சிதமாக இருந்தது. கழற்றும் ஸ்க்ரூக்களை வைக்க முட்டை அட்டை. ஒவ்வொரு குழியிலும் பென்சிலால் எண் போட்டு, எது முதலில் வந்ததோ அதை 1இல் வைத்தால், திரும்ப மாட்டும்போது 12இலிருந்து பின்னோக்கி வந்தால் போதும்.

ஒரு ஞாயிறு மத்தியானம், ஃபேனை நிறுத்திவிட்டு (தூசி), வியர்வை சொட்டாமலிருக்க நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் மேல் மூடி. நாலு ஸ்க்ரூ எடுத்தால் அந்த மடக்குக் கூடாரம் அப்படியே கையோடு வரும். அதன் கீழே ஃபோகஸ் பார்க்கும் சொரசொரப்புக் கண்ணாடி, இரண்டு கம்பிகள் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்தால் உள்ளே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. இந்தக் கண்ணாடியில் மட்டும் அவசரப்படவே கூடாது. நம் வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம் இருக்கும், இதற்கு முன்பக்கமே பூச்சு, சட்டைத் துணியால் ஒரு தடவை தேய்த்தால் பூச்சு துணியோடு வந்துவிடும். காற்று ஊதினேன், ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சை எடையே கொடுக்காமல் ஒரு தடவை மேலிருந்து கீழே இழுத்தேன், அவ்வளவுதான். ஓரத்தில் கறுத்துப்போன இடம் கறுப்பாகவே இருக்கட்டும், அது படத்தில் வராது.

அப்புறம் கீழ் லென்ஸ். இதில் நாலு கண்ணாடி, மூன்று தொகுதியாக இருக்கும். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, ஷட்டருக்குப் பின்னால் இரண்டு ஒட்டியே ஒன்று. அந்தக் கடைசி ஜோடியை எந்தத் திரவத்திலும் ஊறப்போடாதீர்கள், நடுவில் இருக்கும் பசை விட்டுப்போகும். முன் வளையத்தை ரப்பர் மூடியால் அழுத்தி இடப்பக்கம் திருகினேன். வரவில்லை. ஒரு சொட்டு ஆல்கஹாலை வளையத்தின் விளிம்பில் விட்டு, பத்து நிமிஷம் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி திருகியபோது, 'கிரிச்' என்று மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து விட்டது. கடைசியாக எந்தக் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் இது மூடப்பட்டதோ, அந்தக் காற்று அப்போதுதான் வெளியே வந்திருக்கும்.

கடையில் கிடைக்கும் பெராக்சைடு 6 சதவீதம். அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து, இரண்டு மூன்று சொட்டு அம்மோனியா விட்டால் பூஞ்சைக்கு நல்ல மருந்து. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பிளீச்சிங் பவுடர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. காகிதத்தை அதில் நனைத்து, கண்ணாடிமேல் போர்த்தி இரண்டு நிமிஷம் விட்டேன். அழுத்தித் தேய்க்க வேண்டியதே இல்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைத்தபோது அந்த நரம்புகள் அப்படியே வழித்துக்கொண்டு வந்தன. நாலு தடவை அப்படிச் செய்து, கடைசியில் ஆல்கஹால். விளக்குக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தேன். பின் தொகுதியின் ஓரத்தில் மட்டும், வெந்தயம் அளவுக்கு, நரம்பின் தடம் மிச்சமிருந்தது. பூஞ்சை போய்விட்டது, அது அரித்த தடம் நிற்கிறது. வெயிலுக்கு நேராகப் படம் பிடித்தால் கொஞ்சம் வெளிறும், மற்றபடி ஒன்றும் தெரியாது. அதை அப்படியே விட்டேன்.

ஷட்டரை நான் பிரிக்கவில்லை, அதற்கான கை எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு வினாடி, அரை வினாடி திறந்திருக்கும்படி போட்டால் பாதியில் நின்றது. ஃபிலிம் இல்லாமல் மறுபடி மறுபடி, ஒரு நூறு தடவை அழுத்திய பிறகு 1/8 வரை உயிர் வந்தது. எனக்கு 1/30க்கு மேலே வேலை செய்தால் போதும். இதைச் சொல்லத்தான் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். "500 வைக்கணும்னா சுத்துறதுக்கு முன்னாடியே வச்சுடு. சுத்திட்டு வச்சேன்னா வேலையைக் கெடுத்துக்குவே" என்றார், 1/500 வினாடியையும் ஃபிலிம் சுற்றும் கைப்பிடியையும்தான் சொல்கிறார். இருபது வருஷத்துக்கு மேலே தொடாத கேமரா, அந்த ஒரு விஷயம் அவர் கையில் இன்னும் இருந்தது.

உள்ளே இருக்கும் லைட் மீட்டர் பழைய பாதரச பேட்டரிக்காகச் செய்தது, அந்த பேட்டரி இப்போது கிடையாது. அதனால் பெரியப்பா வழி. வெயிலில் உள்ளங்கையை நீட்டி, அதன்மேல் விரல் நிழல் விழும்படி பிடிக்கச் சொன்னார். நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியது மாதிரி இருந்தால் எஃப் 16 (லென்ஸின் வாய்க்கான எண், எண் குறையக் குறைய வாய் பெரிதாகும்). விளிம்பு கொஞ்சம் கரைந்திருந்தால் 11. நிழலே இல்லையென்றால் 8. ஷட்டர் வேகம், ஃபிலிமின் எண்ணை (வெளிச்சத்தை அது எவ்வளவு உணரும் என்பது) ஒட்டி. 400 ஃபிலிமுக்கு 1/500. தார்ப்பாய்க்குக் கீழே, வீட்டுத் திண்ணையில் என்றால் அங்கிருந்து நாலு படி திறக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. இரண்டு வாரம் கேமரா இல்லாமலே தெருவில் நடந்து இதைப் பழகினேன். கல்மண்டபம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பேரம் பேசிக்கொண்டே 'இங்கே 5.6, 250' என்று மனசுக்குள் ஓடும். வெளிச்சத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தது அப்போதுதான் என்று சொன்னால் மிகையில்லை. அதுவரை என் போன் பார்த்துக்கொண்டிருந்தது.

மார்ச்சில் முதல் ரோல். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், சதுரம். விலை கிட்டத்தட்ட ஒரு கிலோ வஞ்சிரம். காலை ஆறரைக்கு காசிமேடு போனேன். கருவாடு விற்கும் ஆயா ஒருவர், தார்ப்பாய்க்கு அடியில் நெத்தியிலிருந்து வியர்வையைத் துடைத்தபடி காரப்பொடி மீனைப் பரப்பிக்கொண்டிருந்தார். இந்தக் கேமராவைக் கண்ணுக்கு நேரே தூக்க வேண்டியதில்லை. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். உள்ளே தெரியும் உருவம் இடம் வலம் மாறித் தெரியும். ஆயா வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போவார். நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் அவர் என்னை மறந்தே போய்விட்டார்.

"இன்னாபா அது, டப்பா மாறி கீது?"

"கேமரா ஆயா. எங்க பெரியப்பாவோடது."

"கீழ குனிஞ்சிகினு இன்னா பாக்குற?"

"உங்களைத்தான்."

சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை, "சரி பாரு" என்பது மாதிரி காரப்பொடியைத் தொடர்ந்து பரப்பினார். போனையோ பெரிய கேமராவையோ முகத்துக்கு முன்னால் தூக்கினால் எதிரில் இருப்பவர் உடம்பு ஒரு கணம் இறுகும். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த எல்லா முகத்திலும் அந்த இறுக்கம் இருந்திருக்கிறது, இது இல்லாத முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. ஆயாவை நாலு படம் எடுத்தேன். பிரிண்ட் கொண்டு வந்து தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

ஃபிலிமை வீட்டில் கழுவுவதில் கஷ்டம் தண்ணீர்தான். படத்தை வெளியே கொண்டுவரும் மருந்தான கருப்பு வெள்ளை டெவலப்பருக்கு 20 டிகிரி சொல்லியிருப்பார்கள், எங்கள் குழாயில் மார்ச் மாதமே 29. குழாய்த் தண்ணீரில் உப்பும் உண்டு, அதனால் கலக்குவதற்குக் கேன் தண்ணி. குளிர்விக்க, மீனுக்குப் போடும் ஐஸை உடைத்து விற்கிறார்களே, அதில் ஒரு பை வாங்கி வந்தேன். பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸும் தண்ணியும், அதற்குள் டெவலப்பர் பாட்டில், வெப்பமானி. ஐஸ் வெளியேதான், மருந்துக்குள் போடக் கூடாது. டி-76 என்ற டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்து, 400 ஃபிலிமுக்கு 20 டிகிரியில் பதினொரு நிமிஷம். 24இல் நின்றுவிட்டால் எட்டு நிமிஷம் சுமாராகச் சரியாக வரும். ஒவ்வொரு நிமிஷத்தின் தொடக்கத்திலும் பத்து வினாடி, ஃபிலிம் இருக்கும் டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு தண்ணீரில் ஓர் அலசு, படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போ பத்து நிமிஷம், மறுபடி அலசல்.

இதைவிடக் கஷ்டம், இருட்டில் ஃபிலிமைச் சுருளில் ஏற்றுவது. ராத்திரி பதினொரு மணிக்கு பாத்ரூம் கதவிடுக்கில் துணி அடைத்து உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிஷம் விரலெல்லாம் வியர்வை, ஈர விரலில் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. முகப்பவுடர் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும், போடாதீர்கள், புள்ளி புள்ளியாக நெகட்டிவில் வரும். ஒரு காய்ந்த துண்டை மடியில் வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் விரலைத் துடைத்துக்கொண்டால் போதும்.

துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்ட ஈர நெகட்டிவை விளக்குக்கு நேரே பார்த்தபோது பன்னிரண்டு சதுரமும் இருந்தன. சந்தோஷத்தில் அம்மாவை எழுப்பிக் காட்டினேன். காலையில் காய்ந்த பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஆயாவின் முகம் மொத்தமும் கரைந்திருந்தது. அவருக்குப் பின்னால் மூங்கிலில் தொங்கிய வலையோ கண் கண்ணாக, முடிச்சு முடிச்சாக எண்ணிவிடலாம். நாலு படத்திலும் அப்படியே.

லென்ஸைச் சரியாகத் திருகவில்லையோ என்று மறுபடி கழற்றி மாட்டினேன். அது சரியாகத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க யோசித்த பிறகு போனில் எடுத்து வைத்த படங்களை வரிசையாகப் பார்த்தேன். மேல் மூடியைக் கழற்றும் படம் இருக்கிறது, கண்ணாடியை எடுத்த பிறகு உள்ள படம் இருக்கிறது, அந்தச் சொரசொரப்புக் கண்ணாடி எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதற்கு மட்டும் படம் இல்லை. என் கேமராவில் சொரசொரப்பான பக்கம் கீழே, முகக்கண்ணாடியைப் பார்த்து இருக்க வேண்டும். நான் அதைக் கவிழ்த்து மாட்டியிருந்தேன். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள கண்ணாடி, அதைப் புரட்டியதில் மேலே பார்க்கும் தூரம் மாறிவிட்டது. இரண்டு மீட்டரில் இருந்த ஆயா எனக்குத் தெளிவாகத் தெரிந்தபோது ஃபிலிமில், அவருக்கு அரை மீட்டர் பின்னால் இருந்த வலை தெளிவாக இருந்திருக்கிறது.

ஆகவே இதைக் கழற்றும் எவரும், ஃபிலிம் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள், நான் அதைத் தள்ளிப்போட்டதில் ஒரு ரோல் போனது. பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இரண்டு தண்டவாளத்தின்மேல் டிரேசிங் பேப்பரை இறுக்கமாக ஒட்டுங்கள், சுருக்கம் இருக்கவே கூடாது. ஷட்டரை 'பி'யில் பூட்டி, லென்ஸை முழுசாகத் திறந்து, தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பாருங்கள். எங்கள் மொட்டை மாடியிலிருந்து துறைமுகத்து கிரேன்கள் தெரியும், அதை எடுத்துக்கொண்டேன். தலையோடு கருப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்தால், டிரேசிங் பேப்பரில் கிரேன் தலைகீழாக விழும். பேப்பரில் கிரேன் கூர்மையாக இருக்கும்போது மேல் கண்ணாடியிலும் கூர்மையாக இருக்கிறதா? அப்புறம் இரண்டு மீட்டரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி அதே சோதனை. புரட்டி மாட்டிய பிறகு இரண்டும் ஒத்து வந்தன.

அந்தக் கிரேன் தலைகீழாக அந்த மெல்லிய காகிதத்தில் விழுந்து, ஒரு கன்டெய்னரை மெதுவாகத் தூக்கியதைப் போர்வைக்குள்ளிருந்து எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. தினமும் பார்க்கிற கிரேன்தான்.

இரண்டாவது ரோலைப் போட்டபோது மே மாதம் வந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இங்கே மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரிசையாக நிற்கும். பலகை இடுக்கில் பஞ்சு அடிப்பது, பெயின்ட் அடிப்பது, வலை பழுது பார்ப்பது, இந்த அறுபது சொச்ச நாளில்தான் அதெல்லாம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில் கேமராவோடு கும்பலாக வருகிறவர்கள் இந்த நாட்களில் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் வடசென்னை என்றால் புகைபோக்கி, அழுக்குச் சுவர், மீன் கூடையைத் தலையில் வைத்து நடக்கும் கறுத்த உருவம் என்று ஒரே படத்தை ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவன் கண்ணுக்கு இந்த ஊர் அப்படித் தெரிவதில்லை. எனக்கு இது சொந்தக்காரர் வீடு. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் நாம் அவர்கள் சுவரையா பார்ப்போம்?

முதலில் ராயபுரம் ரயில் நிலையத்தில் இரண்டு படம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம், அந்த உருண்டைத் தூண்களின்மேல் காலை வெயில் சாய்வாக விழும்போது யார் எடுத்தாலும் அழகாக வரும். மிச்சம் பத்தும் காசிமேடு. ஆயா அதே இடத்தில் இருந்தார், கருவாட்டுக்குத் தடைக்காலம் கிடையாது. "போட்டோ எங்க?" என்றுதான் முதலில் கேட்டார். படம் கெட்டுப்போன கதையைச் சொன்னேன். "வலை மட்டும் நல்லா வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, இந்தத் தடவை தானாகவே என் பக்கம் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தார்.

நெகட்டிவ் இந்த முறை சரியாக வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் போடும் என்லார்ஜர் என்னிடம் இல்லை. ஆனால் இந்த அளவு நெகட்டிவுக்கு அது உடனே வேண்டியதில்லை, நெகட்டிவை நேராக போட்டோ பேப்பர்மேல் வைத்து, மேலே கண்ணாடி அழுத்தி, வெளிச்சம் காட்டினால் நெகட்டிவ் அளவிலேயே படம் விழும். மூன்று மூன்றாக நாலு துண்டு வெட்டினால் பன்னிரண்டும் எட்டுக்குப் பத்து இன்ச் பேப்பரில் அடங்கும். சிவப்பு விளக்குக்குச் சாமி அலமாரியில் எரியும் ஜீரோ வாட் பல்பைக் கழற்றினேன், அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். எல்லாச் சிவப்பு பல்பும் பாதுகாப்பு இல்லை. பேப்பர் துண்டின்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஐந்து நிமிஷம் அந்த வெளிச்சத்தில் விட்டு, பிறகு டெவலப்பரில் போட்டுப் பாருங்கள். காசின் வட்டம் தெரிந்தால் அந்த பல்பு ஆகாது. என்னுடையது இரண்டு மீட்டர் தள்ளி வைத்தபோது தெரியவில்லை. பேப்பருக்கு வெளிச்சம் காட்ட மேலே ஒரு 25 வாட் பல்பு, ஒரு மீட்டர் உயரம். எத்தனை வினாடி என்பதை மூன்று துண்டு பேப்பர் செலவழித்துக் கண்டுபிடித்தேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டுகிற கண்ணாடி ஒன்று அவரிடம் இருக்கிறது, அதை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நன்றாயிருக்கிறது, இல்லை என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றார். ஆயா படத்துக்கு வந்ததும், "கை எங்கடா போச்சு?" என்றார்.

முதல் மூன்றில் ஆயாவின் முகம் நன்றாக வந்திருக்கிறது, கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருக்கிறது. நாலாவதில்தான், அவரே திரும்பி உட்கார்ந்ததால், இரண்டு கையும் உள்ளே இருக்கின்றன. "கல்யாணத்துல பொண்ணு மொகத்த எல்லாரும் எடுப்பான். தாலி கட்டும்போது பொண்ணோட அம்மா கை என்ன பண்ணுதுன்னு பாரு" என்றார். பிறகு பீரோவிலிருந்து பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' பேப்பர் வந்த அட்டைப்பெட்டி, உள்ளே அவர் எடுத்த பிரிண்டுகள். எங்கள் அம்மாவின் கல்யாணப் படத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதில் என் பாட்டியின் கை, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். விடப்போகிறவர் பிடித்திருக்கிற பிடி. நாற்பது வருஷமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற படம் அது.

அந்தத் தாளை வீட்டில் வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தினமும் பல் தேய்க்கும்போது பார்ப்பது. என் போனில் முப்பதாயிரத்துக்கு மேல் படம் இருக்கிறது, எதையும் இரண்டாவது தடவை நின்று பார்த்ததில்லை. இந்தப் பன்னிரண்டை ஒரு மாசம் பார்த்தேன். முதல் வாரம் எனக்கு ரயில் நிலையத்தின் தூண்கள்தான் பிரமாதமாகத் தெரிந்தன. மூன்றாவது வாரம் அந்தப் படத்தைக் கண் தாண்டிப் போக ஆரம்பித்தது, அதில் வெயிலைத் தவிர பார்க்க ஒன்றும் இல்லை, அந்த வெயிலையும் நான் பார்த்து முடித்துவிட்டேன். அதற்குக் கீழே, சாதாரணம் என்று நான் ஒதுக்கிய ஒன்று இருந்தது: ஒருவர் படகின் பலகை இடுக்கில் பஞ்சு திணித்துச் சுத்தியலால் தட்டுகிறார், முகம் கூடத் தெரியாது. பத்து நாள் கழித்து அதன் கீழ் ஓரத்தில், கவிழ்த்த பெட்டியின்மேல் ஒரு டீ கிளாஸ் இருப்பதைப் பார்த்தேன். பாதி டீ, மேலே ஆடை கட்டியிருக்கிறது. எடுக்கும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை. டீயை மறந்துவிட்டு வேலை செய்துகொண்டிருக்கிற மனிதர் அவர். அதற்கப்புறம் அந்தப் படத்தை என்னால் விட முடியவில்லை. எடுப்பதற்கு 1/250 வினாடி, பார்ப்பதற்கு எனக்குப் பத்து நாள் ஆகியிருக்கிறது.

பழைய காலத்துப் படக்காரர் ஒருவரை இந்தச் சமயத்தில்தான் தேடிப் பார்த்தேன். லின்னேயஸ் டிரைப், மதராஸ் அரசாங்கத்துக்காக மதுரை, தஞ்சாவூர் எல்லாம் படம் எடுத்த ராணுவ அதிகாரி. 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படமாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கியிருக்கிறார். அவர் காகித நெகட்டிவ்களில் வானம் வெறும் வெள்ளையாக வருமாம், மேகத்தைத் தூரிகையால் நெகட்டிவ்மேலேயே தீட்டியிருக்கிறார். பெரியப்பாவிடம் சொன்னேன். "நானும் பென்சில்ல டச் பண்ணுவேனே, மாப்பிள்ளை கன்னத்துல தழும்பை எடுக்க" என்றார். எனக்கு அந்த மேகங்களைவிட அந்த 19 அடிதான் மனசில் நிற்கிறது. எழுத்து எழுத்தாக, கேமராவை நகர்த்தி நகர்த்தி, வெயில் மாறுவதற்குள். அந்த மனிதர் அந்தக் கல்லை எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும்!

ஆயாவின் நாலாவது படத்தை, தெரிந்த ஒருவரின் என்லார்ஜரில் எட்டு இன்ச் சதுரமாகப் போட்டு எடுத்துக்கொண்டு ஜூன் கடைசியில் போனேன். படகுகள் கிளம்பிப் போய்விட்டதால் இடமே காலியாகத் தெரிந்தது. ஆயா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். முகத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். காரப்பொடிமேல் இருக்கும் அந்த இரண்டு கையையும் வெகுநேரம் பார்த்தார்.

"எங்கம்மா கை மாறியே கீது" என்றார்.

மீன் கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்து அதற்குள் படத்தை நுழைக்கப் போனார். கவரில் போட்டால் ஈரம் கட்டிப் பூஞ்சை வரும், காற்றாட வையுங்கள் என்று சொன்னேன். சரி என்று பழைய செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கேமராவுக்கு இப்போது தோல் உறை கிடையாது. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நீல நிற சிலிகா ஜெல் கால் கிலோ, சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று. ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் போட்டு மெல்லிய தீயில் வறுத்தால் திரும்ப நீலமாகிவிடும், அந்த வாணலியை மட்டும் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். வெளியே 78 காட்டும்போது டப்பாவுக்குள் 45இல் நிற்கிறது. மூன்றாவது ரோல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, ஐந்து எடுத்தாயிற்று, ஏழு மிச்சம்.